‘பாக்கலாமுங்க’ என்றால் வேண்டாம் என்று பொருள்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் மார்கரெட் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அது எப்போதோ செத்துவிட்டது, விட்டுவிடு" என்றார். குனிந்து பார்த்தேன். உண்ணிச்செடி ஒன்றின் அடிக்கட்டையைச் சில்லுச் சில்லாக நறுக்கிப் போட்டிருந்தேன். தரையோடு வெட்ட வேண்டும், வெட்டிய வாயில் உடனே மருந்து தடவ வேண்டும், அடுத்த புதருக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இன்று ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனுஷி, நல்லவர்.

முந்தின நாள் ராத்திரிதான் கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து அண்ணன் போனில் பேசியிருந்தார். அவர் சொன்னதை மார்கரெட்டிடம் எப்படிச் சொல்வது? எனக்கு ஆங்கிலம் வரும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன், சூப்பர்வைசரிடம் சண்டை போடுகிற அளவுக்கு நன்றாகவே வரும். ஆனால் இது ஆங்கிலத்தில் வராது. "தலைவலி" என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன். இது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

நான் இருப்பது பிரிஸ்பேனுக்குத் தெற்கே. வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை, அதையொட்டிச் சதுப்பு. ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்து ஆட்கள் கூடி, வெளியிலிருந்து வந்து மண்டிய செடிகளை எடுப்போம். முதலில் போனபோது கத்தியைக் கையில் கொடுப்பதற்கே வகுப்பு எடுத்தார்கள். பாம்பு கடித்தால் என்ன செய்வது, வெயில் பட்டால் என்ன செய்வது, யாராவது மனம் நோகப் பேசினால் யாரிடம் சொல்வது. எல்லாவற்றுக்கும் கையெழுத்து. எனக்கு இயற்கைமேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். புருஷனுக்கு ஞாயிறும் வேலை, மகள் அவள் அறையில். என் கோபத்துக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. உண்ணிச்செடி அதற்குத் தோதான செடி. முள்ளும் உண்டு, நாற்றமும் உண்டு.

கென் என்று ஒருவர் ஒருநாள், "இந்த மண்ணில் பிறக்காதது எதுவும் இங்கே இருக்கக்கூடாது" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தார். "செடியைச் சொன்னேன்" என்றார். அவருடைய தாத்தா கப்பலில் வந்து இறங்கியவர். அதைச் சொன்னேன். அதன்பிறகு கென் என்னிடம் மரியாதையாக இருக்கிறார்.

2

அண்ணன் என்பது என் பெரியப்பா மகன் பழனிச்சாமி. சொந்த அண்ணன் எனக்குக் கிடையாது, இவர்தான். தென்னை வைத்திருந்தார். வாடல் நோய் வந்து தோப்பு பூராவும் வெட்டும்படி ஆயிற்று. வெட்டிய பிறகு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணி போனில் என்னிடம் அழுவார். "பல்லு வெளக்கச் சொன்னாக்கூட எந்திரிக்கறதில்லீங்க அம்மணி. செவுத்தப் பாத்தே படுத்திருக்கறாருங்க."

அந்த நாட்களில் ஒருமுறை ஓடைக்கரை வேலையைப் பற்றி அவரிடம் சொன்னேன். பேச வேறு எதுவும் இல்லாமல்தான் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"வெள்ளக்காரன் ஊருக்குப் போயிக் களை புடுங்கறயா கண்ணு? இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போனே? நம்ம காட்டுலயே புடுங்கியிருக்கலாமே!"

பக்கத்தில் இருந்த என் மகள் நிவேதா போனை வாங்கி, "ஆமா மாமா, அம்மா சண்டே ஆனா கலை புடுங்குவாங்க" என்றாள். ள வராது அவளுக்கு. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "கலையப் புடுங்கிப்போட்டீன்னா அப்பறம் சினிமாக்காரனெல்லாம் என்ன பண்ணுவான் சாமி?" அவளுக்கு அந்த நகைச்சுவை புரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் அண்ணன் எங்கள் ஊர்க் குட்டையில் இறங்கினார்.

அந்தக் குட்டையைப் பற்றி இனிக்க இனிக்க எழுத மாட்டேன். சாக்கடை வந்து விழும் இடம். கோழிக்கடைக் கழிவும் அங்கேதான். மேலே ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி மூடிக் கிடந்தது, தண்ணீர் இருப்பதே தெரியாது. ஆனால் பள்ளம், அதாவது மழைநீர் ஓடை, வந்து சேருகிற கடைக்கோடியில் கொஞ்சம் சம்புப்புல்லும் கோரையும் சாகாமல் நின்றிருந்தன. அண்ணன் அங்கிருந்து தொடங்கினார். நான் சொன்ன முறைதான். மோசமான இடத்தில் கை வைக்காதீர்கள், உயிர் இருக்கிற இடத்தைச் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள், அது தானாக வெளியே பரவும் என்று சொல்லியிருந்தேன்.

தேங்காய் வியாபாரி நாகராஜ் சேர்ந்துகொண்டார். கோயமுத்தூரிலிருந்து கல்லூரிப் பெண்கள் சிலர் பஸ் பிடித்து வந்தார்கள். இரண்டு மழைக்காலம் போனது. சம்பு இரண்டு பங்காகப் பரவியது. அதன் ஓரத்தில் தண்ணீர் தெரிந்தது. நீலத்தாழைக்கோழி என்கிற நீர்ப்பறவை வந்தது. அண்ணன் வீடியோ அனுப்புவார், முக்கால்வாசி அவர் கட்டைவிரல்தான் தெரியும், பின்னால் குரல் மட்டும் கேட்கும். "பாரு கண்ணு, பாரு, குஞ்சு கூட்டியாருது பாரு."

விடிவதற்குள் எழுந்துவிடுகிறார் என்று அண்ணி சொன்னார். குட்டைக்கு அதனால் எவ்வளவு நல்லதோ எனக்குத் தெரியாது. மனுஷன் எழுந்தார். எனக்கு அதுதான் கணக்கு.

3

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ‘வேண்டாம்’ என்று யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ‘பாக்கலாமுங்க’ என்போம். பொண்ணு பிடிக்கவில்லையா, பாக்கலாமுங்க. நிலம் தர இஷ்டமில்லையா, பாக்கலாமுங்க. கேட்டவருக்கு அது புரிந்துவிடும். காபி குடித்துவிட்டு எழுந்து போவார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். இதற்குப் பெயர் மரியாதை. எனக்கு இந்த மரியாதையைக் கண்டாலே ஆகாது. இப்போது இன்னும் ஆகாது.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன் பக்கத்தில் பம்புசெட் கம்பெனி முதலாளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தூரத்துச் சொந்தம். குட்டை வேலையைக் கேள்விப்பட்டு, "ஏனுங்க, எதுக்குங்க இந்த வயசுல சேத்துல எறங்கிச் செரமப்படறீங்க? நம்ம கம்பெனில இருந்து பொக்லைன் அனுப்பிப் பூராத்தையும் சுத்தம் பண்ணிக் குடுத்துப்போடறனுங்க" என்றிருக்கிறார்.

அண்ணன், "பாக்கலாமுங்க" என்றிருக்கிறார்.

முதலாளிக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மேனேஜர் பிரசன்னா. சென்னைப் பையன். அவர் காதில் அது ‘ஆகட்டும்’ என்று விழுந்துவிட்டது. சுறுசுறுப்பான பையன் வேறு. அடுத்த வாரமே அண்ணன் வீட்டுக்குப் படங்களோடு வந்துவிட்டார். கரையைச் சுற்றி நடைபாதை, பெஞ்சு, விளக்கு, நடுவில் நீலமாகத் தண்ணீர். ஒரு புல் பூண்டு கிடையாது. சம்பு நின்ற இடத்தில் போட்டோ எடுக்க ஒரு மேடை.

அண்ணி அவருக்கு இட்லி வைத்தார், காபி கொடுத்தார், கிளம்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டில் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய ஆளுக்குத்தான் இவ்வளவு உபசாரம் நடக்கும். பிரசன்னாவுக்கு அது எப்படித் தெரியும்?

விஷயம் தெரிந்ததும் நான் அண்ணனைக் கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னீங்களா இல்லீங்களாண்ணா?"

"வந்தப்பத்திருந்து அதத்தான கண்ணு சொல்லீட்டிருந்தேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"பாக்கலாமுங்க தம்பின்னு."

போனை வைத்துவிட்டுப் பிரசன்னாவைக் கூப்பிட்டேன். "மேடம், சாரு ஒவ்வொரு படத்துக்கும் ஓகே சொன்னாரு. ரொம்ப நல்ல மனுஷங்க மேடம் நீங்கல்லாம்" என்றார். மெஷினுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, முதலாளி பேரில் பேனர் அடித்தாகிவிட்டது. இனி வேண்டாம் என்றால் முதலாளிக்கு அவமானம். முதலாளியை அவமானப்படுத்த அண்ணனால் முடியாது.

நான் லீவு போட்டேன். நிவேதா கேட்டாள், "அம்மா, அங்க உனக்கு ஓட்டுகூட கிடையாது. அது உன் குளமே இல்ல. எதுக்கு ஃப்ளைட் ஏறி சண்டைக்குப் போற?" குளம் இல்லை, குட்டை என்று திருத்தினேன். பூட்ஸை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

4

ஊர் போய் இறங்கியதும் அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். ஓர் இடத்தில் குட்டை எங்களுடையது இல்லை என்றார்கள். அடுத்த இடத்தில் குட்டை எங்களுடையது, ஆனால் அதில் வருகிற தண்ணீர் எங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவர்தான் என்னை உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "ஏனுங்க மேடம், ஆக்கிரமிப்புன்னு வருவாங்க, கழிவு கொட்டறாங்கன்னு வருவாங்க. குட்டையச் சுத்தம் பண்றாங்கன்னு புகார் குடுக்க வந்த மொத ஆளு நீங்கதானுங்க."

"சுத்தம் இல்லைங்க. எல்லாத்தையும் வழிச்செடுக்கப் போறாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

இல்லை. பிடுங்குவதற்கும் வழிப்பதற்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது. அவர் மேஜைமேல் இருந்த தொட்டிச் செடியைக் காட்டி, இதில் களையை எடுக்கச் சொன்னால் தொட்டியைக் கவிழ்ப்பீர்களா என்று கேட்டேன். டீ வரவழைத்தார்.

கடைசியில் அண்ணனை இழுத்துக்கொண்டு முதலாளியையே பார்க்கப் போனேன். எழுந்து நின்று கும்பிட்டார். இளநீர் வந்தது. நான் குடிக்கவில்லை.

"வேண்டாம்" என்றேன். "சம்பு இருக்கிற பக்கம் மெஷின் வரக்கூடாது. மத்த பக்கம் என்ன வேணாலும் பண்ணிக்குங்க. அந்த மூலை வேண்டாம்."

அண்ணன் தரையைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, "தங்கச்சி நெம்ப நாளா வெளிநாட்டுல இருக்காங்களாட்டம்" என்றார்.

"ஆமாங்க" என்றார் அண்ணன். மன்னிப்புக் கேட்கிற குரல்.

பிறகு முதலாளி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "செரிங்க அம்மணி. பாக்கலாமுங்க."

வெளியே வந்ததும் அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே, "அவுரு முடியாதுன்னுட்டாரு கண்ணு" என்றார். எனக்கு மட்டும் தெரியாதா? நானும் அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தான்.

5

மெஷின் வந்த அன்றைக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பொக்லைனுக்கு மாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஊரே வந்திருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதை நான் சொல்லியாக வேண்டும். நம்ம ஊருக்கும் ஒரு நல்லது நடக்கிறது என்று பெண்கள் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார்கள். பிரசன்னா எனக்கு நிழலில் நாற்காலி போட்டுத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணனை மேடையில் ஏற்றினார்கள். இரண்டு மழைக்காலம் சேற்றில் நின்ற மனுஷனுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? முதலாளியே சால்வை போர்த்தினார். அண்ணன் கும்பிட்டார். தோளில் சால்வையோடு, அவர் காப்பாற்றிய இடத்துக்கு மெஷின் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பல்லைக் கடித்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்களேன் அண்ணா, ஒரே ஒரு வார்த்தை.

மெஷின் முதலில் கரைப்பக்கம் ஆகாயத்தாமரையை அள்ளியது. கைதட்டினார்கள். அப்படியே நகர்ந்து நகர்ந்து மதியத்துக்குக் கடைக்கோடிக்கு வந்துவிட்டது. முதல் வாளி சம்பில் இறங்கியது. வேரோடு, சேற்றோடு, முட்டையோ கூடோ எதுவோ அதோடு மேலே போனது. தாழைக்கோழிகள் நீந்தக்கூட நேரமில்லாமல் கோரைமேல் ஓடின. கூட்டத்தில் யாரோ, "அட, கோழிடோய்" என்று சிரித்தார்கள். இரண்டாவது வாளி. மூன்றாவது.

"டேய்!"

யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை.

"டேய், நிறுத்துடா! எறங்குடா கீழ! எறங்குடாங்கறேன்!"

எப்போது இறங்கினாரோ, அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். சால்வை நனைந்து பின்னால் மிதந்தது. நாய்க்குக்கூட ‘போங்க சாமி’ என்று சொல்கிறவர் அவர். வீட்டு ஆட்களைத்தான் நீ என்பார், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும் வாங்க போங்க என்றுதான் கொஞ்சுவார். டிரைவர் தாராபுரத்துப் பையன், பயந்து மெஷினை அணைத்துவிட்டான்.

முதலாளி மேடையிலிருந்து, "ஏனுங்க பழனிச்சாமி..." என்று தொடங்கினார்.

"வேண்டாம்னு சொன்னா வேண்டாம்! எடுத்துட்டுப் போ!"

‘போ’ என்றார். ‘ங்க’ இல்லை. முதலாளியைப் பார்த்து, ஊர் முன்னால்.

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போனார். பேனரைக் கழற்றினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பாதி ஆட்கள் உட்காரவே இல்லை. நாகராஜ் மட்டும் அண்ணனைக் கைபிடித்துக் கரையேற்றி, துண்டால் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே சொன்னார், "நெல்லதுக்குத்தானுங்கண்ணா நிறுத்துனீங்க. ஆனா அத்தன பேருக்கு முன்னால அப்படிப் பேசிப்போட்டீங்களே. இனி நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்ககூட நிக்கறது?"

சம்பு ஒரு பந்திக்கூடம் அளவுக்கு மிஞ்சியது.

6

யாரோ அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். நிவேதாவும் பார்த்திருக்கிறாள். "மாமா செம" என்று எனக்கு எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "ஆனா அம்மா, ‘டா’ன்றது அவ்ளோ கெட்ட வார்த்தையா? நாங்க ஃப்ரெண்ட்ஸ்குள்ள சொல்லிக்கறோமே." என்னவென்று விளக்குவது? ஓர் எழுத்துக்காக ஒரு மனுஷனை ஊர் கைவிட்டது என்று எழுதி, அழித்துவிட்டேன்.

திரும்பி பிரிஸ்பேனில் இறங்கியபோது என் பூட்ஸில் குட்டைச் சேறு இருந்தது. விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அதைக் கையுறையோடு வாங்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மருந்து தெளித்து, பொட்டு மண் இல்லாமல் கொடுத்தாள். வெளிநாட்டு விதை ஒன்றுகூட உள்ளே வரக்கூடாதாம். செய்யட்டும், அவர்கள் நாடு. அந்தச் சேறு எந்த மூலையிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. தண்ணீரோடு அது வடிகாலில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார்.

இப்போது நிலவரம் இது. மெஷின் அள்ளிய இடம் சில வாரம் கண்ணாடியாக இருந்தது. ஊரில் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு சாக்கடை அதே மாதிரி வந்து சேர்ந்தது. உடைந்து மிதந்த ஆகாயத்தாமரைத் துண்டுகள் எல்லாம் தழைத்தன. தடுக்கச் சம்பும் இல்லை, கோரையும் இல்லை. முன்பைவிடக் கெட்டியாக மூடிக்கொண்டது. காற்று அடிக்கிற பக்கமெல்லாம் அந்தப் பாய் நகர்ந்து, மிஞ்சிய சம்பை நெருக்குகிறது.

நாகராஜ் வருவதில்லை. முதலாளியின் சம்பந்தி வீட்டுக்குத்தான் அவர் தேங்காய் போகிறது. கல்லூரிப் பெண்களை, ஊரில் பிரச்சினை என்று விடுதியில் அனுப்புவதில்லை. எழவு வீட்டில்கூட அண்ணன் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறார்கள். திட்டவில்லை, சண்டை போடவில்லை. வாங்க என்கிறார்கள், சாப்பிட்டீங்களா என்கிறார்கள். யாரும் கூட நிற்பதில்லை.

போன சனிக்கிழமை ராத்திரி அண்ணன் போனில் சொன்னது இதுதான். ஆகாயத்தாமரைப் பாயைச் சம்பிலிருந்து ஒதுக்க ஒரே வழி, நீளமான கயிற்றைத் தண்ணீர்மேல் போட்டு, இந்தக் கரையில் ஒருவர் அந்தக் கரையில் ஒருவர் என்று பிடித்துக்கொண்டு இழுத்து வருவது. பாய் முழுசாகக் கரைக்கு வந்துவிடும். அண்ணன் ஒரு முனையைப் புங்கமரத்தில் கட்டிவிட்டு, மறு முனையைத் தான் பிடித்து இழுத்திருக்கிறார்.

"மரம் நவுராதுல்ல கண்ணு. ஒரு பக்கமா இழுத்தாப் பாய் இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கமாப் போயிச் சம்பு மேலயே ஏறிக்குது."

"அண்ணியக் கூட்டிட்டுப் போறதுதானுங்களே?"

"முட்டி வலிங்கறா." பிறகு சொன்னார், "நாளைக்குப் போகலாமா வேண்டாமான்னே இருக்குது. காலைல எந்திரிச்சு உக்காந்தனா, எதுக்குன்னு இருந்துச்சு. மறுக்காப் படுத்துக்கிட்டேன்."

மறுக்காப் படுத்துக்கொண்டார். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஓடைக்கரைக்குப் போய்ச் செத்த கட்டையை நறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு புதருக்கு ஒரு கூட்டமே நிற்கிறது, கையுறையும் தொப்பியும் கேக்கும் பிளாஸ்கில் டீயுமாக.

இதைப் படிக்கிற நீங்கள் கோயமுத்தூரிலோ பொள்ளாச்சியிலோ இருக்கலாம். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அண்ணன் செய்தது சரி என்றும் சொல்ல வேண்டாம். கிணத்துக்கடவில் இறங்கி, முதலாளியைப் ‘போ’ என்று சொன்ன பழனிச்சாமி வீடு எது என்று கேளுங்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு வழி சொல்வார்கள். படுத்திருந்தால் எழுப்புங்கள். காபி கொடுப்பார், உட்காருங்கள் என்பார், உங்களுக்கு எதுக்குங்க செரமம் என்பார். உட்காராதீர்கள். அவருக்கு எதிர்க்கரையில் போய் நின்று, கயிற்றைப் பிடியுங்கள்.